உச்சரித்தால் அழியும் மந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?



மாந்திரிகன் ஒருவன் வைகறையில் எழுந்து தன் சுவடியைத் திறக்கிறான். அதில் முப்பது மந்திரங்கள் உள்ளன. ஆனால் அவன் நெஞ்சம் ஒரு நாளைக்குத் தாங்கக்கூடியவை நான்கு மட்டுமே. இன்றைய பயணத்தில் எது நேரக்கூடும் என்று எண்ணிப் பார்த்து, நான்கைத் தெரிந்தெடுத்து நினைவில் ஏற்றிக்கொள்கிறான். நண்பகலில் பகைவன் எதிர்ப்படுகிறான். ஒரு மந்திரத்தை உச்சரிக்கிறான். அது பலித்துவிடுகிறது. பலித்த அந்நொடியே அவன் நினைவிலிருந்து அடியோடு அழிந்தும் விடுகிறது. மீண்டும் அதே மந்திரம் வேண்டுமெனில், அவன் உறங்கி எழுந்து, சுவடியைத் திறந்து, முதலிலிருந்து படித்தாக வேண்டும்.

கற்பனை உலகில் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் பழகியோர் இதனை 'வான்சிய மந்திரம்' என்பர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இத்தகைய விளையாட்டுகள் அனைத்திற்கும் தாயாக விளங்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் அடிப்படை விதி இதுவே. இன்று அவ்விளையாட்டைக் கற்கத் தொடங்கும் இளைஞர் பலர் இப்படியொரு முறை இருந்ததையே அறியார். அப்படியானால் அந்த மந்திரம் செத்துவிட்டதா? அல்லது வேறெங்கேனும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறதா? இக்கட்டுரை தேடுவது இதற்கான விடையைத்தான்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. என் வகுப்பில் வாய்பாட்டையும் செய்யுளையும் மனனம் செய்யச் சொல்லும்போதெல்லாம், "ஐயா, தேடினால் கிடைத்துவிடுமே, எதற்காக மனப்பாடம்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்காமல் இருப்பதில்லை. சுவடியில் இருப்பதற்கும் நெஞ்சில் இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதே அக்கேள்வி. வியப்பு என்னவென்றால், ஒரு விளையாட்டின் விதிநூல் இதே கேள்வியோடு ஐம்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது.

வேர் எங்கே?

ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1916-இல் பிறந்து 2013-இல் மறைந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வணிகக் கப்பலில் பணியாற்றியவர். அவர் எழுதிய 'தி டையிங் எர்த்' என்ற கதைத்தொகுதி 1950-இல் நூலாக வந்தது. இறந்துகொண்டிருக்கும் பூமி என்பது அத்தலைப்பின் பொருள். கதிரவன் சிவந்து மங்கி, எந்த நாளும் அணைந்துவிடலாம் என்ற நிலையிலுள்ள தொலைதூர எதிர்காலமே கதைக்களம்.

அவ்வுலகில் மந்திரம் என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஒன்றன்று. முன்னோர் விட்டுச்சென்ற எச்சம். ஒரு காலத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மந்திரங்கள் மாந்தர்க்குத் தெரிந்திருந்தன. கதை நிகழும் காலத்தில் எஞ்சியிருப்பவை நூற்றுச் சொச்சம்தான். மசிரியன் என்ற மாந்திரிகனிடம் அவற்றுள் எழுபத்து மூன்று உள்ளன. எனினும், கடும் பயிற்சி பெற்ற அவன் மூளையாலும் ஒரே வேளையில் பெரிய மந்திரங்களாயின் நான்கையும் சிறியவையாயின் ஆறையும்தான் தாங்க முடியும். அவற்றைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஒரு பெண்ணைத் துரத்திச் செல்கிறான். வழியில் நேரும் இடர்களுக்கு ஒவ்வொன்றாகச் செலவழிக்கிறான். முடிவு அவனுக்கு நல்லதாக அமையவில்லை.

எழுபத்து மூன்றை உடைமையாகக் கொண்டவன் ஆறுக்கு மேல் சுமக்க முடியாதவன். உடைமை வேறு, கைவசம் வேறு என்பதைக் கதையாசிரியர் இரண்டே எண்களில் காட்டிவிட்டார்.

கதை விதியானது

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் வான்ஸின் வாசகர். 1971-இல் அவர் ஜெஃப் பெரனுடன் இணைந்து 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிநூலை வெளியிட்டார். அதன் கற்பனைப் பகுதியில் வரும் மாந்திரிகன் தீயுருண்டையையும் மின்னலையும் பீரங்கி போல் தொடர்ந்து வீசக்கூடியவன். 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டனர். முதலில் அச்சானவை ஆயிரம் படிகள். அவ்விளையாட்டில்தான் மாந்திரிகனின் கை கட்டப்பட்டது. முதல் நிலை மாந்திரிகனுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம்.

இதற்குக் காரணம் என்ன? 1976-இல் 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ' என்ற இதழில் கைகாக்ஸ் தம் மந்திர முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். வான்ஸிடமிருந்து இதனைப் பெற்றதை அதில் வெளிப்படையாகவே கூறினார். விளையாட்டின் சமநிலையே அவருடைய முதன்மைக் கவலை. மாந்திரிகனால் எல்லையின்றி மந்திரம் ஏவ முடியுமென்றால் வாள்வீரனுக்கும் திருடனுக்கும் அக்குழுவில் வேலையே இராது. மந்திரம் பெரிதாக இருக்கலாம்; ஆனால் அரிதாக இருக்க வேண்டும். வான்ஸின் அழியும் மந்திரம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கடன் பெற்றவர் நன்றி மறக்கவில்லை. 1979-இல் வந்த ஆட்ட நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பில் தமக்கு ஊக்கமளித்த எழுத்தாளர்களைப் பட்டியலிட்டபோது வான்ஸின் பெயரையும் சேர்த்தார். வான்ஸ் கதையில் வரும் பலவண்ண ஒளிச்சிதறல் மந்திரம் 'பிரிஸ்மேட்டிக் ஸ்பிரே' என்ற பெயரில் விதிநூலுக்குள் நுழைந்தது. 1976-இல் அவ்விளையாட்டில் முதன்முதலாகக் குறிப்பிடப்பட்ட வெக்னா என்ற கொடிய மாந்திரிகனின் பெயர், 'வான்ஸ்' என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அமைத்ததாகும். 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொலைத்தொடரைப் பார்த்த நம் இளையோர்க்கு வெக்னாவைத் தெரியும். அப்பெயருக்குள் ஒரு கதையாசிரியர் ஒளிந்திருப்பதை எத்தனை பேர் அறிவர்?

நான் கண்ட மாந்திரிகன்

இவ்விதியின் கடுமையை நான் உணர்ந்தது 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டில். பயோவேர் நிறுவனம் 1998-இல் உருவாக்கிய விளையாட்டு அது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு விதிகளை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாள்களில் விடுதி நண்பர் ஒருவரின் கணினியில் வார இறுதிகளில் ஆடுவோம்.

அதில் முதல் நிலை மாந்திரிகனின் உயிர்ப்புள்ளி பெரும்பாலும் நான்கைத் தாண்டாது. ஓர் ஓநாய் இருமுறை கடித்தால் கதை முடிந்தது. அவனிடம் உள்ளது ஒரே மந்திரம். உறக்க மந்திரத்தை நினைவில் ஏற்றியிருந்தால் ஒரு கூட்டத்தையே உறங்க வைக்கலாம். ஆனால் அடுத்த திருப்பத்தில் இன்னொரு கூட்டம் வந்தால் கையில் எஞ்சியிருப்பது ஒரு தடி மட்டுமே. நிலை உயர்ந்து இரண்டு மந்திரங்கள் கிட்டினாலும் சிக்கல் தீர்வதில்லை. உறக்க மந்திரம் இருமுறை வேண்டுமெனில் அதனை இருமுறை தனித்தனியே நினைவில் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் வேறொன்றுக்கு இடமிராது.

எனவே நாங்கள் ஆடியதில் பாதி நேரம் ஆட்டமன்று, வாதம். "நாளைக்கு எதை எடுத்துச் செல்வது?" என்பதே வாதப் பொருள். காலையில் செய்த தெரிவு மாலையில் உயிரைக் காக்கும் அல்லது வாங்கும். அந்த வாதத்தின் சுவையை இன்றும் மறக்க இயலவில்லை.

உலகமே விதிக்கு ஏற்ப வரலாறு எழுதியது

இனி விளையாட்டின் உள்ளே இருக்கும் உலகத்திற்குச் செல்வோம். பால்டர்ஸ் கேட் நிகழும் உலகின் பெயர் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'. மறக்கப்பட்ட நாடுகள் என்று தமிழில் சொல்லலாம். கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் இளமைப் பருவத்திலேயே கற்பனை செய்த உலகம் இது. 1987-இல் விளையாட்டுக் களமாக வெளியிடப்பட்டது. அங்கே மந்திர ஆற்றல் முழுவதும் உலகைச் சுற்றிப் படர்ந்த ஒரு நெசவு. அந்நெசவைக் காப்பவள் மிஸ்ட்ரா என்னும் தேவி.

விதிநூலில் மந்திரம் அழிவதற்குக் காரணம் சமநிலை என்று கண்டோம். ஆனால் உலகத்திற்குள் வாழும் மாந்திரிகனுக்கு அக்காரணத்தைச் சொல்ல முடியுமா? அவனுக்கென்று ஒரு வரலாறு தேவைப்பட்டது. 1996-இல் வெளிவந்த 'நெதரில்: எம்பயர் ஆஃப் மேஜிக்' என்ற தொகுப்பு அதனைத் தந்தது.

அந்த வரலாறு இதுதான். முன்னொரு காலத்தில் நெதரில் என்றொரு பேரரசு இருந்தது. மலையின் உச்சியை வெட்டித் தலைகீழாக்கி, வானில் மிதக்கவிட்டு, அதன் மேல் நகரங்களை அமைத்தவர்கள் அதன் மாந்திரிகர்கள். அவர்கள் மந்திரத்தை முன்கூட்டியே நினைவில் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு நெசவிலிருந்து நேராக இழுத்துக்கொள்வர். ஆட்டத்தில் அவர்களுக்குப் புள்ளிக் கணக்கே உண்டு. அழியும் மந்திரம் இல்லை. பிற்காலத்தார் ஒன்பதாம் நிலையோடு நின்றுவிட, அவர்கள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மேலே சென்றனர்.

அவ்வுலக ஆண்டுக்கணக்கு தொடங்குவதற்கு 339 ஆண்டுகளுக்கு முன், கார்சஸ் என்ற மாந்திரிகன் பன்னிரண்டாம் நிலை மந்திரம் ஒன்றை ஏவி, அப்போதைய மந்திர தேவியான மிஸ்ட்ரிலின் ஆற்றலையே தனதாக்கிக்கொண்டான். ஒரு மானிடனால் நெசவைத் தாங்க இயலவில்லை. நெசவு கிழியத் தொடங்கியது. உலகைக் காக்க மிஸ்ட்ரில் தன்னையே பலியிட்டாள். மந்திரம் நின்றது, வானில் மிதந்த நகரங்கள் விழுந்தன. அவளுக்குப் பின் மிஸ்ட்ரா என்ற பெயரில் தோன்றிய புதிய தேவி, இனி இப்படியொரு பேரழிவு நேராதிருக்க மாந்தர்க்கு வேலியிட்டாள். பத்தாம் நிலையும் அதற்கு மேலும் தடை செய்யப்பட்டன. நெசவிலிருந்து நேராக அள்ளும் வழி அடைபட்டது. படித்து, நினைவில் ஏற்றி, ஏவி, மறந்து, மீண்டும் படிக்க வேண்டும் என்பதே பின்வந்தோரின் நெறியாயிற்று.

எத்துணை நுட்பமான ஏற்பாடு! ஆட்டக்காரருக்கு வேண்டிய சமநிலை, அவ்வுலக மாந்தர்க்குத் தேவி இட்ட வேலியாக மாறிவிட்டது. மறதி என்பது குறையன்று, காப்பு என்றாகிவிட்டது.

வேலி தளர்ந்த வரலாறு

ஆனால் வேலி நெடுநாள் நிற்கவில்லை. விதிநூலின் பதிப்புகளை வரிசையாகப் பார்த்தால் அது படிப்படியாகத் தளர்ந்ததைக் காணலாம்.

2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. மனனம் செய்தல் என்ற சொல் போய், ஆயத்தம் செய்தல் என்ற சொல் வந்தது. மந்திரத்தின் பெரும்பகுதியைக் காலையிலேயே ஓதி முடித்து, இறுதிச் சொல்லை மட்டும் மீதம் வைத்திருப்பதாகப் புதிய விளக்கம். கூடவே 'சார்சரர்' என்ற புதிய மாந்திரிக வகையும் வந்தது. இவர்களுக்குச் சுவடியும் வேண்டா. காலைத் தெரிவும் வேண்டா. தெரிந்த மந்திரங்கள் சிலவே. அவற்றுள் எதையும் நினைத்த நேரத்தில் ஏவலாம்.

2008 மார்ச்சில் கைகாக்ஸ் மறைந்தார். அதே ஆண்டு ஜூனில் நான்காம் பதிப்பு வெளியானது. ஓயாமல் ஏவக்கூடியவை, மோதலுக்கொரு முறை ஏவக்கூடியவை, நாளுக்கொரு முறை ஏவக்கூடியவை என்று ஆற்றல்கள் பிரிக்கப்பட்டன. வாள்வீரனுக்கும் இதே பிரிவு. மாந்திரிகனுக்கும் இதே பிரிவு. நாளுக்கொரு முறை ஏவும் மந்திரங்களில் சுவடியின் சாயல் ஒட்டியிருந்தது.

இம்மாற்றத்திற்கும் உலகத்திற்குள் ஒரு காரணம் வேண்டுமல்லவா? எழுதினர். 1385-ஆம் ஆண்டில் மிஸ்ட்ரா கொல்லப்பட்டாள். நெசவு குலைந்து, 'மந்திரக் கொள்ளைநோய்' உலகெங்கும் பரவியது. பழைய முறை பயனற்றுப்போக, எஞ்சிய மாந்திரிகர் புதிதாகக் கற்க நேர்ந்தது. கதை ஏறத்தாழ நூறாண்டு தாவி 1479-க்குச் சென்றுவிட்டது.

பழைய ஆட்டக்காரர் பலர் இதனை ஏற்கவில்லை. 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது உலக வரலாறு மீண்டும் திருத்தப்பட்டது. மிஸ்ட்ரா திரும்பி வந்தாள். நெசவு மீண்டும் நெய்யப்பட்டது. சுவடியும் வந்தது, காலை ஆயத்தமும் வந்தது. ஆனால் அழிவு மட்டும் வரவில்லை. இன்றைய மாந்திரிகன் காலையில் ஒரு பட்டியலைத் தெரிந்தெடுக்கிறான். அப்பட்டியலில் உள்ள எதையும், ஏவும் வாய்ப்பு மீதமிருக்கும் வரை, எத்தனை முறையும் ஏவலாம். குறைவது வாய்ப்பின் எண்ணிக்கையே. மந்திரம் அவன் நெஞ்சிலேயே இருக்கிறது. சிறு மந்திரங்களுக்கு அந்த எண்ணிக்கையும் கிடையாது. நாள் முழுதும் ஏவலாம். 2024-இல் வந்த திருத்திய விதிநூலும் இதே வழியில்தான் செல்கிறது.

தேவி மீண்டாள். அவள் இட்ட வேலி முழுதாய் மீளவில்லை.

பெயர் ஓரிடம், செயல் ஓரிடம்

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். வான்சிய மந்திரத்தை மூன்று உறுப்புகளாகப் பிரித்துப் பார்த்தால் விடை தெளிவாகும். முதலாவது, சுவடி. இரண்டாவது, முன்கூட்டியே செய்யும் தெரிவு. மூன்றாவது, ஏவியதும் அழிதல். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் இன்று முதலாவது நலமாக உள்ளது, இரண்டாவது மெலிந்து உள்ளது, மூன்றாவது இறந்துவிட்டது. ஆனால் பெயர்கள் அப்படியே உள்ளன. பிரிஸ்மேட்டிக் ஸ்பிரே இன்றும் விதிநூலில் இருக்கிறது. வெக்னா 2024-இல் தனி நூலுக்கே தலைவனாகிவிட்டான்.

செயல் எங்கே போயிற்று? அது வேறு வீட்டில் குடியேறியிருக்கிறது. 2000-இல் மூன்றாம் பதிப்பின் விதிகளைப் பிறரும் பயன்படுத்தும் வகையில் ஒரு திறந்த உரிமம் வழங்கப்பட்டது. அவ்வுரிமத்தின் துணையோடு 2006-இல் 'ஆஸ்ரிக்' என்ற நூல் வந்தது. அச்சில் இல்லாத பழைய முதற்பதிப்பு விதிகளை வேறு சொற்களில் மீட்டெழுதிய நூல் அது. செல்லரித்த ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுக்கும் தொண்டுக்கு இதனை ஒப்பிடலாம். அவ்வழியில் இன்னும் பல நூல்கள் வந்தன. 2019-இல் வந்த 'ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' அவற்றுள் பலர் ஆடுவது. இந்நூல்களில் மந்திரம் ஏவியதும் அழிந்தே போகிறது.

பய்ஸோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட 'பாத்ஃபைண்டர்' விளையாட்டும் அதே உரிமத்தில் பிறந்ததே. அதன் 2019-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிலும் மாந்திரிகன் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மந்திரத்தைத் தனித்தனியே ஆயத்தம் செய்கிறான்; ஏவினால் அது போயிற்று. 2023 தொடக்கத்தில் அத்திறந்த உரிமத்தை மாற்றும் முயற்சி பெருஞ்சினத்தைக் கிளப்பி, பின்னர் கைவிடப்பட்டது. எனினும் பய்ஸோ தன் நூல்களைப் பழைய உரிமத்தின் சார்பின்றித் திருத்தி எழுதத் தொடங்கியது. தாய் விளையாட்டின் பெயர்கள் பல நீக்கப்பட்டன. மேஜிக் மிசைல் என்ற புகழ்பெற்ற மந்திரமே பெயர் மாறியது. மந்திர நிலை என்பதற்குக்கூட வேறு சொல் வந்தது. ஆனால் தனித்தனி ஆயத்தமும் அழிவும் மாறவே இல்லை.

விந்தையைப் பாருங்கள். தாய்வீட்டில் பெயர் வாழ்கிறது, செயல் இல்லை. பெயர்த்துக் கட்டிய வீட்டில் செயல் வாழ்கிறது, பெயர் இல்லை. ஒரு மரபு வாழ்கிறதா என்று பார்க்க அதன் பெயரை மட்டும் தேடினால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜப்பானிய விளையாட்டுகளில் இம்முறை இன்னும் விரைவில் மறைந்தது. 1987-இல் வந்த முதல் 'ஃபைனல் ஃபேண்டசி' விளையாட்டில் நிலைக்கு இத்தனை முறை என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாயல் கொண்ட கணக்கு இருந்தது. அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் விளையாட்டில் மந்திரப் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. 2004-இல் முதல் விளையாட்டை மறுபதிப்புச் செய்தபோது அதற்குள்ளும் புள்ளிக் கணக்கைப் புகுத்திவிட்டனர். பழையது இருந்த இடமும் தெரியாமல் போகும் வழிகளுள் இதுவும் ஒன்று.

கார்சஸ் வென்றுவிட்டானா?

இத்தோடு முடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் லேரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' வேறொரு சிந்தனையைத் தூண்டியது. கதை நிகழ்வது அவ்வுலகின் 1492-ஆம் ஆண்டில். அதில் கேல் என்றொரு மாந்திரிகன் வருகிறான். மிஸ்ட்ராவின் அன்பைப் பெறும் ஆசையில் தொலைந்துபோன நெதரில் மந்திரத்தைத் தேடிப் போய், அதன் கொடிய துண்டொன்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டவன். கதையின் மையமே கார்சஸ் செய்த மணிமுடிதான். நெதரிலின் மந்திரம் ஆபத்தானது, தடை செய்யப்பட்டது, யாரும் தொடக்கூடாதது என்று அக்கதை ஓயாமல் எச்சரிக்கிறது.

ஆனால் அதே விளையாட்டில் நம் விரல்கள் என்ன செய்கின்றன? கேலின் மந்திரப் பட்டியலை மோதல் இல்லாத எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம். விடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏவிய மந்திரம் மறப்பதில்லை. கணக்கு மட்டும் குறைகிறது. நினைவில் தனித்தனியே ஏற்றாமல், எண்ணிக்கையைச் செலவழித்து, வேண்டியதை வேண்டிய நேரத்தில் ஏவுதல். நெதரில் மாந்திரிகரின் இயல்பாக 1996-ஆம் ஆண்டுத் தொகுப்பு சொன்னதும் ஏறக்குறைய இதுவே அன்றோ!

ஆக, கதையில் தடை செய்யப்பட்ட பழைய மந்திரம் விதியின் வாயில் வழியாக ஓசையின்றி வீடு திரும்பிவிட்டது. வேலியிட்ட தேவியின் மந்திரமோ வீட்டை விட்டு வெளியேறிவிட்டது. பத்தாம் நிலை இன்னும் பூட்டியே இருப்பதால் கார்சஸ் முழுதாக வென்றான் என்று சொல்ல மாட்டேன். பாதி வென்றுவிட்டான் என்பது என் கருத்து.

நெஞ்சில் நிற்பது

இதனால் யாருக்கும் இழப்பு இல்லையா? புதிய முறை எளிது, இளையோரை விரட்டாதது, வெறுங்கையோடு நிற்கும் துன்பம் அதில் குறைவு. அதனைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஒன்று குறைந்துவிட்டது: காலையில் செய்யும் அந்த வாதம். எதையும் எப்போதும் எடுக்கலாம் என்றாகும்போது, எது வேண்டும் என்று முன்னரே எண்ணிப் பார்க்கும் உழைப்பு தேவையற்றதாகிவிடுகிறது.

மாணவரின் கேள்விக்கும் இங்கேயே எனக்கொரு விடை கிடைத்தது. வான்ஸின் மந்திரமும் மாந்தரின் நினைவும் ஒன்றில் நேரெதிர். மந்திரம் சொன்னதும் அழியும். நாம் கற்றதோ சொல்லச் சொல்ல வலுப்படும். ஏழாம் வாய்பாட்டை நூறு முறை சொன்ன பிள்ளையிடமிருந்து அதனை யாராலும் பறிக்க முடியாது. ஆனால் இன்னொன்றில் இரண்டும் ஒன்றே. சுவடியில் எழுபத்து மூன்று இருந்தாலும், இடர் நேரும் கணத்தில் உதவுவது நெஞ்சில் ஏற்றிக் கொண்டுவந்த ஆறுதான். கைப்பேசிக்குள் உலகின் நூல்களெல்லாம் இருக்கலாம். அவை மசிரியனின் வீட்டில் விட்டுவந்த சுவடிகள். தேர்வறையிலும், மேடையிலும், நள்ளிரவில் துயரத்தோடு தனித்திருக்கும்போதும் நம்மோடு வருபவை நாம் முன்னரே தெரிந்தெடுத்துச் சுமந்து வந்தவை மட்டுமே.

ஆகவே இப்போது மாணவர் அக்கேள்வியைக் கேட்டால், மனப்பாடம் நல்லது என்று நான் அறிவுரை கூறுவதில்லை. "காட்டுக்குள் போகிறாய். ஆறு மட்டும்தான் கொண்டுபோகலாம். எந்த ஆறு?" என்று திருப்பிக் கேட்கிறேன். வகுப்பே வாதிடத் தொடங்கிவிடுகிறது. அந்த வாதம் நடக்கும்வரை, எந்த விதிநூலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அம்மந்திரம் சாகவில்லை என்றே நம்புகிறேன்.